அரை மார்க்

தொண்டை டாக்டரின் வரவேற்பறையில் இருந்த பதினோரு பேரும் இருமலைக்கூட அடக்கிக்கொண்டு அரைமார்க்கின் வகுப்பைக் கேட்டார்கள். மின்விசிறிகூட ஒரு சுற்று நின்று கேட்டுவிட்டுத்தான் சுற்றியது.

அரைமார்க், ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார். தப்பான வார்த்தையை ஒற்றைக் கோடால் அடிப்பார். மேலே சரியானதை எழுதுவார். கிட்டத்தட்ட வந்துவிட்ட பிள்ளைக்கு ஓரத்தில் ஒரு வட்டம், அதற்குள் அரை மார்க். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் போட்ட வட்டங்களைக் கோத்தால் நிலாவைச் சுற்றி இரண்டு சுற்று வரும்.

மூன்று மாதமாக அவர் மனைவிக்குக் குரல் எழும்பவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தது காய்கறிக்காரர்.

படிவத்தில் ஒரு கேள்வி: நோயாளி பேசும் விதம் எப்படி?

'கொயட்' என்று முத்து முத்தாக எழுதினார் அரைமார்க்.

"சைலண்ட்னு போடலாமா சார்?" கவுன்டரில் இருந்த பெண் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்துவிட்டாள்.

"கொயட்னா பொறவிக் குணம்மா. சைலண்ட்னா, பேச இருக்கு, ஆனா பேசல. என் வீட்டுக்காரி கொயட். கல்யாணமான நாள்லேருந்தே அப்படித்தான். இங்கிலீஷும் வராது. எதுவானாலும் என்னையே கேளுங்க."

கையெழுத்து மட்டும் நோயாளியே போடவேண்டுமாம். சட்டைப் பையிலிருந்த சிவப்பு மைப் பேனாவை உருவி, படிவத்தோடு அருகில் நின்ற மனைவியிடம் நீட்டிவிட்டு, பக்கத்து மூக்கடைப்புக்காரரிடம் அடுத்த பாடத்தைத் தொடங்கினார்.

அவள் எழுதினாள். படிவத்தைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

உள்ளே, டாக்டர் படிவத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படிம்மா?"

"மூணு மாசமா, டாக்டர்," என்றார் அரைமார்க்.

டாக்டர் காகிதத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

'கொயட்' மேல் ஒற்றைச் சிவப்புக் கோடு. அதற்கு மேலே, ஓர் எழுத்துப் பிசகாமல், 'சைலண்ட்'.

கூடத்தில் அவர் நடத்திய டியூஷனை முப்பத்தைந்து வருஷம் சமையலறைக்குள் நின்று கேட்டவளின் இங்கிலீஷ் கையெழுத்து. அதை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

அவருக்குக் காது மடல்வரை சூடேறியது. தன் செருப்பைப் பார்த்தார்.

பார்வையை மறுபடி தூக்கியபோதுதான் ஓரத்தில் இருந்தது கண்ணில் பட்டது.

சின்னதாக ஒரு வட்டம். அதற்குள், பாவம் பார்த்து, அவருக்கு அரை மார்க் போட்டிருந்தாள்.