எதிரிப் பேட்டையில் விருந்து

"இந்த சியேனா ஊர்ல ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேற இடமே இல்லையா? ஆமைப்பேட்டைத் தெருவுல போய் உட்கார்ந்துதான் நான் சாப்பிடணுமா?" என்று சீறினார் லாப்போ.

மனைவி ஃபோஸ்கா கண்ணாடி முன் நின்று, மஞ்சளும் நீலமுமான ஆமைப்பேட்டைத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இடம் ஆயிரம் இருக்கு. உங்க புள்ளைக்கு விருந்து வைக்கிற இடம் ஒண்ணுதான்."

லாப்போ நத்தைப்பேட்டையில் பிறந்தவர். ஃபோஸ்கா ஆமைப்பேட்டைப் பெண். இரண்டு பேட்டைக்கும் தலைமுறை தலைமுறையாக ஆகாது. பேட்டைகள் மோதும் கோடைப் பந்தயம் நடக்கும் நாலு நாளும் ஃபோஸ்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். பந்தயம் முடிந்த மறுநாள் திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காததுபோல் காப்பி போடுவாள். குடும்பம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருஷம்தான் வில்லங்கம். எந்தப் பேட்டைக்கு யார் ஓடுவது என்று சீட்டுக் குலுக்கியபோது, பிள்ளை நெல்லோவின் பெயர் ஆமைப்பேட்டைக்கு வந்துவிட்டது. வந்ததோடு விட்டானா? ஓடி, ஜெயித்து, பரிசான பட்டுக்கொடியையும் அவர்களுக்கே வாங்கிக் கொடுத்துவிட்டான்.

"போயும் போயும் ஆமைக்கா?" லாப்போவுக்கு இன்னும் ஆறவில்லை.

"சீட்டு உங்களைக் கேட்டுக்கிட்டா விழும்?"

"தாயை முழுங்கிட்டுப் பொறந்தவனை, தூக்கம் முழிச்சு புட்டிப் பால் குடுத்து வளர்த்தது யாரு? ஓடப் பழக்கினது யாரு?"

"அதைத்தானே நானும் சொல்றேன். அவன் பக்கத்து நாற்காலி உங்களுக்குன்னு எங்க தலைவர் சொல்லி அனுப்பியிருக்காரு. காலையிலயே அவனைச் சீவிச் சிங்காரிச்சுக் கூட்டிட்டுப் போயாச்சு. அங்க கூட்டம், பாட்டு, மேளம்னு அமர்க்களமா இருக்கும். உங்களைக் காணலைன்னா அவன் ஒரு வாய் சாப்பிட மாட்டான்."

"நத்தைக்காரன் ஆமை வீட்டுச் சோத்துல கை வைக்க மாட்டான்."

"அப்ப அலமாரியில காஞ்ச ரொட்டி இருக்கு," என்று சொல்லிவிட்டு ஃபோஸ்கா கிளம்பிப் போனாள்.

லாப்போ ரொட்டியைத் தொடவில்லை. பிள்ளை இல்லாத வெறும் வீட்டில் உட்காரவும் முடியவில்லை. சிவப்பும் மஞ்சளுமான தன் பேட்டைத் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, நத்தைப்பேட்டை மன்றத்துக்குச் சாப்பிடப் போனார்.

"வாய்யா, ஆமையோட சம்பந்தி," என்று வரவேற்றான் பிந்தோ. சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. மன்றத்தில் ஒயின் ஊற்றுகிறவன். "உன் புள்ளை அங்க தலைமேசையில பெரிய மனுஷனா இருக்கான். நீ என்னடான்னா இங்க ஒரு தட்டு சூப்புக்கு வந்து நிக்கிறே."

எல்லோரும் சிரித்தார்கள். லாப்போவும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தார்.

"அதுவும் என்ன பெரிய வெற்றி? குருட்டு அதிர்ஷ்டம்," என்றான் பிந்தோ. "கூட இருந்தவன் முதல் வளைவுலயே விழுந்துட்டான். உன் ஆளு நிக்கத் தெரியாம ஓடிட்டான்."

லாப்போ கரண்டியைக் கீழே வைத்தார்.

"என்னடா சொன்னே, நிக்கத் தெரியாமலா? கூட இருந்தவன் விழுந்தா வேற யாரா இருந்தாலும் மிரண்டு நின்னிருப்பாங்க. இவன் தனியாளா மிச்ச தூரம் பூரா ஓடினான். கடைசி வளைவுல ரெண்டு பேரைத் தாண்டினான். யாரும் வழி சொல்லல, யாரும் தட்டிக் குடுக்கல. என் வளர்ப்புடா அது, நத்தைப்பேட்டைக்காரன் வளர்ப்பு. ஆமைப் பசங்க ஜெயிக்கிறதுக்கு ஒரு நத்தைக்காரன் புள்ளை வளர்த்துக் குடுக்க வேண்டியிருந்திச்சு. அதைச் சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கத் தெரியலை, இங்க உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறீங்க."

பிந்தோ அவர் முன்னால் இருந்த சூப்புத் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இதை அங்க போய்ச் சொல்லேன்யா. இங்க எதுக்கு உட்கார்ந்திருக்கே?"

ஆமைப்பேட்டைத் தெரு முழுக்க விளக்குகளும் நீள மேசைகளுமாக இருந்தது. நத்தைத் துணியைக் கழற்றாமலே லாப்போ எல்லைமுக்கைத் தாண்டி உள்ளே நடந்தார். பாட்டு ஒவ்வொரு மேசையாக அடங்கியது. ஒரு வாலிபன் முறைத்துக்கொண்டு எழுந்தான்; பேட்டைத் தலைவர் கையைக் காட்ட, உட்கார்ந்துவிட்டான்.

தெருக்கோடியில் பூவும் கொடியுமாக அலங்கரித்த தலைமேசை. ஃபோஸ்கா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"இன்னும் ஒரு வாய் வைக்கல. வந்ததுலேர்ந்து மிரள மிரளப் பார்த்துக்கிட்டிருக்கான்," என்றாள் ரகசியமாக.

லாப்போ தெரு முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "நான் உங்க விருந்துக்கு வரல. என் புள்ளைகூடச் சாப்பிட வந்திருக்கேன்."

யாரோ ஒருவர் கை தட்டினார். தெருவே சேர்ந்து தட்டியது. லாப்போவுக்குக் கண் கலங்கியது. மறைக்கத் தோன்றவில்லை. உட்கார்ந்து, முள்கரண்டியால் ஆமைப்பேட்டைச் சாப்பாட்டை ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தக் குரலுக்காகவே காத்திருந்த நெல்லோ, நீண்ட கழுத்தை வளைத்து அவர் சட்டைப்பையிலிருந்த கேரட்டை மோப்பம் பிடித்து இழுத்துத் தின்றான். பிறகு குளம்பால் கல் தெருவை ஒரு தட்டுத் தட்டி, ஊரே கேட்கக் கனைத்துவிட்டு, மேசைமேல் தனக்காக வைத்திருந்த ஓட்ஸ் தொட்டியில் முகத்தைப் புதைத்தான்.