நல்லா ஓடின பதிவு

"பொண்டாட்டிய காணோம்னு போஸ்ட் போடச் சொல்லிட்டு, யாராவது கூப்பிட்டா 'கெடச்சாச்சு, வை'ன்னு கட் பண்றான். இவன்லாம் ஒரு புருஷனா?"

இதே கமெண்ட் வேறு வேறு ஆட்களிடமிருந்து இருபதுக்கு மேல் வந்துவிட்டது. படிக்கப் படிக்க பிரீத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'எல்லைச் சொந்தங்கள்' ஃபேஸ்புக் குரூப்புக்கு அவள்தான் அட்மின். மாநில எல்லையை ஒட்டிய சத்தியவேடு சுற்றுவட்டாரத் தமிழ் ஜனம் அறுபதாயிரம் பேர் அதில் இருந்தார்கள். பகலில் ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலை, மீதி நேரமெல்லாம் குரூப்தான்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். நல்லா ஓடின போஸ்ட்டையெல்லாம் இனம் பிரித்து ஃபோல்டர் போட்டு வைப்பாள். ரத்தம் தேவைக்கு ஒன்று, வேலை காலிக்கு ஒன்று, காணவில்லைக்கு ஒன்று, ஊர்ச் சண்டைக்குக்கூட ஒன்று. புதுசாக ஏதாவது போட வேண்டுமென்றால் பழைய ஹிட்டை எடுத்துப் படத்தையும் பேரையும் மாற்றினால் ஆச்சு. நல்ல மூளைதான், யார் இல்லை என்றது?

காணவில்லை ஃபோல்டரில் முதலிடம், போன வருஷம் பிரம்மோற்சவக் கூட்டத்தில் தொலைந்த ஒரு பையனுக்கு. பதினெட்டாயிரம் ஷேர். மூன்றே நாளில் பையன் கிடைத்துவிட்டான்.

போன திங்கட்கிழமை பக்கத்து ஊர் கிருஷ்ணப்பா வந்தபோது பிரீத்தி அந்தப் போஸ்டரைத்தான் எடுத்தாள்.

மலைக்கு நடந்து ஏறுகிற அலிபிரி அடிவாரத்தில் பையையும் செருப்பையும் கவுண்டரில் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மனைவி பாப்பாத்தியைக் காணோமாம். அந்த அம்மாவுக்குக் கொஞ்ச நாளாகவே ஞாபகம் தப்புகிறது. சொல்லி முடிக்கிறவரை மனுஷர் உட்காரக்கூட இல்லை.

"போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேம்மா. உன் குரூப்புல போட்டா ஜனம் பாக்குமாமே. எங்கிட்ட இந்த பட்டன் போன்தான். யாராச்சும் கூப்ட்டா போதும், அந்த நிமிஷமே ஓடிப் போயிடுவேன்."

"கவலப்படாத மாமா, கெடச்சுடுவாங்க" என்றாள் பிரீத்தி. பத்தே நிமிஷத்தில் போஸ்டர் ரெடி.

நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் நாளே ஒருவர் எழுதினார்: 'சூளூர்பேட்டை ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்துக்கினு இருந்தாங்க. டீ வாங்கிக் குடுத்தேன். போன் பண்ணா கெடச்சாச்சுன்னு வச்சிட்டாரு. சரி, ஆளு வந்துக்கினு இருக்காங்க போலன்னு நானும் வண்டி ஏறிட்டேன்.'

பிரீத்தியின் கூட்டாளி ரகு உடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்டான். அப்படி யாரும் இப்போது இல்லை என்றார்கள். அதற்கப்புறம் அந்த அம்மாவைப் பார்த்ததாக ஒருவரும் எழுதவில்லை.

பிரீத்தி போஸ்டரைப் பார்த்து நம்பரைப் போட்டாள். சுவிட்ச் ஆஃப்.

அவ்வளவுதான். ஞாபகம் கெட்ட பொம்பளையைத் தலைமுழுகிவிட்டு ஊருக்காக அழுகிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். சண்டை ஃபோல்டரைத் திறந்தாள். அதில் பழைய தலைப்பு ஒன்று பொருத்தமாக இருந்தது: 'கட்டின பாவத்துக்கு இதுதான் கூலியா?' கிருஷ்ணப்பாவின் படத்தைப் போட்டு, ஊர் பேரையும் சேர்த்து ஏற்றிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கொட்டித் தீர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்கே கிளம்பினாள். அவர் வாயாலேயே வீடியோவில் பேச வைப்பது என்று திட்டம். வழியில் ரகு கூப்பிட்டான்.

"அக்கா, கிருஷ்ணப்பா போஸ்ட் நாப்பதாயிரம் ஷேர். நம்ம குரூப்லயே இதான் நம்பர் ஒன். சண்டை ஃபோல்டர்ல எடுத்து வச்சிட்டேன்."

கிருஷ்ணப்பா வீட்டில் சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். பிளக்கிலிருந்து சார்ஜர் ஒயர் எட்டுகிற தூரம் அவ்வளவுதான். மடியில் போன் இருந்தது. பக்கத்துத் தட்டில் சோறு காய்ந்து கிடந்தது.

"வாம்மா. ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

பிரீத்தி வீடியோவை ஆன் செய்தாள். இன்றைக்கு மாமா என்று வாய் வரவில்லை.

"கூப்பிடறவங்களுக்கெல்லாம் எதுக்குக் கெடச்சாச்சுன்னு சொல்றீங்க?"

"யாரும்மா கூப்ட்டாங்க? ஆறு நாளா ஒரு போன் வர்ல. வேலைக்கும் போவல. குளிக்கப் போனாகூட இத்தை எடுத்துக்கினுதான் போறேன்." துண்டால் போனைத் துடைத்தார். "ஊர்லயும் ரெண்டு மூணு நாளா ஒருத்தரும் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. பாவம், எனக்கு என்ன ஆறுதல் சொல்றதுன்னு அவங்களுக்கும் தெரியல."

"நடிக்காதீங்க" என்று பிரீத்தி பையில் அச்செடுத்து வைத்திருந்த போஸ்டரை இன்னொரு கையால் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இது உங்க நம்பர்தானே?"

கிருஷ்ணப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எனக்கு எழுத்து தெரியாதும்மா, நம்பர் தெரியும். என்னுது கடைசில ரெண்டு ஏழு. இது மூணுல முடியுது. என்னுது இல்லம்மா."

பிரீத்தி போஸ்டரைத் தன் பக்கம் திருப்பினாள். படத்தை மாற்றியிருந்தாள். பேர், வயசு, சேலை நிறம் எல்லாம் மாற்றியிருந்தாள். அடியிலிருந்த நம்பர் மட்டும் பழையபடியே இருந்தது. பிரம்மோற்சவத்தில் தொலைந்து, மூன்றே நாளில் கிடைத்துவிட்ட அந்தப் பையனுடைய அப்பாவின் நம்பர்.

வீடியோ அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கிருஷ்ணப்பா அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து நின்று, ஆசையாகக் கேட்டார்.

"அப்டின்னா, அவளப் பாத்தவங்க யாராச்சும் அந்த நம்பருக்குக் கூப்ட்டு இருப்பாங்க, இல்லம்மா?"