அரிசியளவு செங்கொடி

"பெத்த பிள்ளை ஜுரத்துல கிடந்தப்பகூட இந்த மனுஷன் கார் துடைச்சிட்டு இருந்தார்மா. உஷாரா இருந்துக்கோ" என்று புது மருமகளிடம் மாமியார் முதல் வாரமே சொல்லிவைத்திருந்தாள்.

கார் என்றால் ஓட்டுகிற கார் இல்லை. ஒரு முழ நீளம்கூட இல்லாத உலோக மாடல்கள். அதிலும் மாமாவுக்குச் சீனத்து ஆடம்பரக் கார்கள்தான் வேண்டும். ஒவ்வொன்றிலும் கதவு திறக்கும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பும். ஒன்றில் பின் சீட்டு ஜன்னலுக்கு நகத்தளவு திரைச்சீலைகூட உண்டு.

மாமா பல் டாக்டர். கிளினிக்கில் யார் எப்படிக் கத்தினாலும் சிரிப்பார். வீட்டில் கண்ணாடி அலமாரி லேசாகக் கிறீச்சிட்டால் போதும், "யாரது அங்கே?" என்று அதட்டல் வரும்.

மருமகளிடம் அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். "உன் வீடும்மா இது. எதை வேணா எடு, வை. அந்த அலமாரியைத் தவிர."

அவள் அதைத்தான் திறந்தாள்.

சனிக்கிழமை காலை சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு மாமா கிளினிக் போய்விட்டார். அந்த வாரம் கிளினிக்கில் கூட்டம், மாமாவுக்குத் துடைக்க நேரமில்லை; கார்கள் மேல் தூசி தெரிந்தது. நல்ல பேர் வாங்கலாமே என்ற ஆசையில், தான் பவுடர் போடுகிற மெத்தென்ற பிரஷ்ஷை எடுத்து வந்தாள்.

ஒவ்வொன்றாகத் துடைத்து, நடுவில் நின்ற நீளக் கறுப்புக் காருக்கு வந்தாள். ஹோங்ச்சி. அப்படியென்றால் செங்கொடி என்று அர்த்தமாம். பானட் நுனியில் அரிசியளவு சிவப்புக் கொடி இருக்கும். அந்தக் கொடிக்காகவே மாமா வருஷக்கணக்கில் தேடி வாங்கியது.

துடைத்து நிமிர்ந்தால், கொடி இருந்த இடம் மொட்டையாக இருந்தது.

தரையைத் தடவினாள். பிரஷ்ஷை உதறினாள். குப்பைக்கூடையைக் கொட்டிக் கிளறினாள். ம்ஹூம்.

கணவனுக்குப் போன் போட்டாள். "நீயாச்சு, அப்பாவாச்சு. நான் ஊர்லயே இல்லை" என்று நழுவிவிட்டான்.

சாயங்காலம் மாமா வந்ததும் சொல்லிவிடத்தான் போனாள்.

"மாமா..."

"என்னம்மா?"

"டீ போடட்டுமா?"

அன்றைக்கு மாமா நாலு டீ குடித்தார். படுக்கப் போகுமுன் அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பூட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட அவள் தூங்கியிருப்பாள்.

மறுநாள் ஞாயிறு. வாராவாரம் வரும் நண்பர் வந்தார். அவரும் கார் பைத்தியம்தான். சட்டைப் பையில் எப்போதும் பூதக்கண்ணாடி இருப்பதால் எல்லாருக்கும் அவர் 'லென்ஸ்'.

மாமா அலமாரியைத் திறந்ததுதான் தாமதம், லென்ஸ் குனிந்தார்.

"டாக்டர்! கொடி எங்க?"

டீத் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமா நிமிரவே இல்லை. "அதுவா? நான்தான் உடைச்சேன். இப்பல்லாம் கை கொஞ்சம் நடுங்குது."

"கை நடுங்குதா!" லென்ஸ் தாடையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கறேன்னீங்களே! பக்கத்துப் பல்லு எனக்கு வேணுமே!"

"அப்ப வேற யார்கிட்டயாவது போயிக்குங்க."

"நான் போயிக்கறேன். நம்ம நண்பர்கள் பாதிப் பேர் உங்ககிட்டதான் வாயைத் திறக்கறாங்க. அவங்க காதுலயும் போட்டு வைக்கணுமே?"

மாமாவின் காது மடல் சிவந்தது. "போட்டு வைங்க."

முப்பது வருஷமாகக் கட்டிய பேர். ஒரு நடுக்கமும் இல்லாத கை.

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சத்தமாக ஒரு வார்த்தை பேசியிராதவள், தட்டை டொக்கென்று வைத்தாள்.

"மாமா கை நடுங்கலை! நான்தான் உடைச்சேன். நேத்து துடைக்கும்போது."

"அவ கிடக்கா, சின்னப் பொண்ணு!" சமையலறையிலிருந்து மாமியார் கரண்டியோடு ஓடி வந்தாள். "ஒட்டடை அடிக்கும்போது நான்தான் தட்டிவிட்டேன்."

"கண்ணாடி அலமாரிக்குள்ள ஒட்டடைக் கம்பு எப்படிடி போச்சு?" என்றார் மாமா.

"போச்சு! உங்களுக்குக் கை நடுங்கலாம், எனக்குக் கம்பு போகக் கூடாதா?"

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் பக்கம் திரும்பினார். "நேத்து ரெண்டாவது டீயிலயே புரிஞ்சுபோச்சும்மா. கொடி போனா போகுது. நாலு பேர் முன்னாடி நீ தலை குனிஞ்சு நிக்கறதை என்னால பார்க்க முடியாது."

அவள் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. மாமியார் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

லென்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. உட்கார இடம் தேடுகிறவர்போல் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பர்ஸைத் திறந்து, மடித்து வைத்திருந்த பஞ்சை எடுத்துப் பிரித்தார்.

நடுவில் அரிசியளவு சிவப்பு.

"போன வாரமே என் வாட்ச் பட்டையில மாட்டி வந்துருச்சு டாக்டர். என் மேல சந்தேகம் வரக் கூடாதுன்னுதான் வந்ததும் வராததுமா நானே கேட்டேன்."

கொடியை மருமகளின் உள்ளங்கையில் வைத்தார்.

"உடைக்காதவங்க மூணு பேரும் உடைச்சேன்னுட்டீங்க. உடைச்சவன் ஒருத்தன்தான் பாக்கி."