பச்சை

காய்ச்சலில் இறந்துபோன தம்பியின் நுரையீரல் செல்கள் ஆய்வகத்தில் இன்னும் உயிரோடு இருந்தன. அவற்றை வளர்த்து வந்தவள் அவன் அக்காதான்.

செல்லின் மேலுள்ள ஏற்பியைப் பிடித்துக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழையும். அதனால் ஏற்பியை உண்டாக்கும் மரபணுவையே அவள் வெட்டி எடுத்துவிட்டாள். இனி வைரஸை ஊற்றிக் கழுவினால் எதுவும் ஒட்டக் கூடாது. அவள் ஊற்றியபோதெல்லாம் ஒட்டியது, செல்கள் செத்தன. உடன் வேலை செய்யும் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரி ஊற்றியபோது ஒட்டவில்லை.

கண்ணாடிக்காரி ஏற்பிகளைப் பச்சையாக ஒளிரவைக்கும் சாயத்தைப் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். எல்லாம் இருட்டாக இருந்தது. அக்கா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்ததும் செல்கள் ஒவ்வொன்றாகப் பச்சை பூத்தன.

"அக்கா, கொஞ்சம் வெளிய போய் நில்லுங்களேன்."

போய் நின்றாள்.

"அணைஞ்சிடுச்சு அக்கா."

"ஒரு தடவை அவனை வாரிக் கொடுத்தது போதும்டி. இனிமே நீயே பாத்துக்கோ."

அன்றே எதிர்க் கட்டடத்துக்கு மாறிக்கொண்டாள். செல்கள் செழித்து வளர்ந்தன.

ஒரு நாள் கண்ணாடிக்காரி போன் செய்தாள். "நுண்ணோக்கில பாத்துக்கிட்டேதான் பேசறேன். தட்டை எப்படித் திருப்பி வெச்சாலும் செல்லெல்லாம் ஜன்னல் பக்கமாவே வந்து ஒட்டிக்குது. பச்சையா இருக்கு."

அக்கா எழுந்து, ஆய்வகத்தைப் பார்த்திருந்த தன் அறை ஜன்னலின் திரையை இழுத்து மூடினாள். "இப்ப?" என்று கேட்டாள்.



"நகருது அக்கா. வாசப்பக்கமாப் போகுது."