ஒரு யூனிட்கூட ஓடவில்லை

மூன்று மாதமாக ஒரே எண்ணில் நின்ற மீட்டரைக் கழற்ற மீட்டர்காரர் கை வைத்தபோது, சாத்தியிருந்த வீட்டுக்குள் யாரோ இருமினார்கள். அவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பேய்க்கு இருமல் வருமா என்று கேட்டுக்கொள்ளக்கூடத் துணிச்சல் இல்லை.

கதவைத் திறந்தது ஒரு பெண்தான். கால் இருந்தது.

"பயந்துட்டீங்களா சார்?"

"நானா? சேச்சே! ஏன் தங்கச்சி, பட்டப்பகல்லயே உள்ள இப்படி இருட்டா கிடக்கு? கரண்ட் இல்லையா?"

"இருக்கு சார். நாங்கதான் சுவிட்சையே தொடறதில்ல. பில் கட்ட உதவி கேட்டு மனு போட்டிருக்கோம். கம்மியா செலவு பண்றவங்களுக்குத்தான் தருவாங்களாமே! இவரு மூச்சுக்கு வைக்கிற மெஷினைக்கூட மூட்டை கட்டிட்டேன்."

கட்டிலிலிருந்து அவள் கணவன் மூச்சிரைக்கச் சொன்னான்: "இருட்டுல ஒரு லாபம் சார். இவ முறைக்கிறது தெரியல."

அவள் சிரித்தாள். "உதவி வந்ததும் முதல்ல அந்த மெஷினைத்தான் போடணும். பதில் எப்ப சார் வரும்?"

பதில் அவர் பையிலேயே இருந்தது. கதவில் ஒட்டிவிட்டு வரச் சொல்லி ஆபீஸில் கொடுத்திருந்தார்கள்: 'வீட்டில் யாரும் குடியில்லை. மனு தள்ளுபடி.'

ஆதாரமாகப் பின்னால் இணைத்திருந்தது மீட்டர்காரரே எழுதிய குறிப்புதான். மூன்று மாதமும் கதவைத் தட்டாமலே எழுதியது: 'ஆளில்லாத வீடு.'

மீட்டர்காரர் உள்ளே போய் விளக்கு, மின்விசிறி என்று கைக்கு எட்டிய சுவிட்சை எல்லாம் போட்டார்.

"ஐயையோ, மீட்டர் ஓடுதே சார்!" என்று பதறி அணைக்க ஓடி வந்தாள் அவள்.

அவர் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றார்.

"ஓடட்டும் தங்கச்சி. நீங்க உயிரோட இருக்கீங்கன்னு அது சொன்னாதான் ஆபீஸ்ல நம்புவாங்க."