தனிக்குழாய்

பெரியவர், அவர் மனைவி, பிரிட்ஜ் கம்பெனி மெக்கானிக், பிளம்பர். அன்று காலை சமையலறையில் இருந்தவர்கள் இந்த நான்கு பேர்தான். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்த தம்பியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பெரியவருக்கு ஆகாது.

முந்தின நாளே வந்து இறங்கிய புது பிரிட்ஜ் அந்த நடுச்சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு நின்றது. கதவிலேயே குழாய். டம்ளரை வைத்து அழுத்தினால் சில்லென்று தண்ணீர் கொட்டும். முதல் வாய் அதில்தான் என்று பெரியவர் எழுந்ததிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை.

"பாத்திரம் கழுவற இடத்துக்குக் கீழயே குழாய் போகுதுங்க ஐயா. அதுலேர்ந்து ஒரு கிளை எடுத்துட்டா பத்து நிமிஷ வேலை" என்றார் பிளம்பர்.

"வேண்டாம்" என்றார் பெரியவர். "அந்தக் குழாய் நடுச்சுவர் மேலதான் ஏறிப் போகுது. பாக்கிறவன் என்ன சொல்லுவான்? தம்பி தொட்டியிலேர்ந்து அண்ணன் உறிஞ்சறான்னு சொல்லுவான். என் தொட்டியிலேர்ந்து தனிக்குழாய் இழு. தெருவுக்கே தெரியற மாதிரி வெளிச்சுவர் வழியா இழு."

"பைப்பு நிறைய ஆகுமே ஐயா?"

"ஆகட்டும். உப்புப் போட்டுச் சாப்பிடறவன்யா நான்."

பாகம் பிரித்த அன்று நாலு பேர் நடுவில் நின்று, "இனி உன் வீட்டுப் பச்சைத் தண்ணிகூட என் தொண்டையில இறங்காது" என்று தம்பியிடம் சொன்னவர் அவர். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. பழைய கிணறு தம்பி பாகத்துக்குப் போனதும், வீம்புக்குத் தனியாக ஆழ்துளைக் கிணறு போட்டு, மாடியில் தனித் தொட்டியும் கட்டினார். நிலம் போனால் வாங்கிக்கொள்ளலாம். சொன்ன சொல் போனால் குடும்பத்துக்கு முகம் ஏது?

"என்னங்க, இருக்கிற குழாயிலேயே மாட்டிட்டுப் போகட்டுமே" என்றார் மனைவி. "எதுக்கு வீணா சுவத்தை ஓட்டை போட்டுக்கிட்டு?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது. சும்மா இரு."

மனைவி புது டம்ளரைத் தேடி எடுக்கப் போனார்.

சற்று நேரத்தில் மாடியிலிருந்து பிளம்பர் குரல் கொடுத்தார். "ஐயா, உங்க தொட்டி வால்வை மூடிட்டேன். ஒரு மணி நேரத்துக்கு வீட்டுல தண்ணி வராது!"

"அவசரமில்லை, ஒழுங்கா செய்!" என்று பதில் கொடுத்துவிட்டு, பெரியவர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். அவர் தரையில் படுத்து, பிரிட்ஜின் முன்காலைத் திருகி மட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டுத் தண்ணியைக் குடிச்சுப் பாத்திருக்கீங்களா? கல்கண்டு! அந்தப் பக்கம் இருக்கே, அது பாழுங்கிணறு. மனுஷன் குடிப்பானா அதை?"

"அப்படிங்களா சார்" என்றார் மெக்கானிக், பிரிட்ஜுக்கு அடியிலிருந்து.

மனைவி புதுக் கண்ணாடி டம்ளரை உறை பிரித்து, பாத்திரம் கழுவும் குழாயில் காட்டி இரண்டு முறை அலசி, மேடைமேல் கவிழ்த்து வைத்தார்.

சுவரைத் துளைத்துக் குழாய் உள்ளே வந்து சேரும்போது மணி பன்னிரண்டு. மெக்கானிக் வெள்ளைக் குழலை பிரிட்ஜின் முதுகில் செருகி, ஒழுகவில்லை என்று விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். முதல் பத்து லிட்டரை வாளியில் பிடித்துக் கொட்டச் சொன்னார். பதினோராவது லிட்டரில் பெரியவர் டம்ளரை நீட்டினார்.

ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது.

"என்னய்யா இது, உப்புக் கரிக்குது?"

"பில்டர் புதுசு சார். ரெண்டு நாள் ஓடினா சரியாயிடும்."

"அதானே பாத்தேன்" என்றார் பெரியவர். மிச்சத்தையும் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார். தன் வீட்டுத் தண்ணீரைக் கீழே கொட்டுகிற பரம்பரை இல்லை அவருடையது.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வாயெல்லாம் பல்.

"ரொம்ப சந்தோஷம் பெரியவரே! அண்ணனும் தம்பியும் ராசியாயிட்டீங்களாமே!"

"யார் சொன்னது?"

"உங்க பிளம்பர், தம்பி வீட்டு மாடியில நின்னுக்கிட்டுக் குழாய் மாட்டினதைத் தெருவே பாத்துச்சே. தம்பி தொட்டித் தண்ணியை நீங்க இன்னைக்குக் குடிச்சிட்டீங்கன்னு கடைத்தெரு வரைக்கும் இதே பேச்சுதான். போகட்டும் விடுங்க, ஒன்பது வருஷ வைராக்கியம் ஒரு பிரிட்ஜுல கரைஞ்சா நல்லதுதானே?"

பெரியவர் டம்ளரை ணங்கென்று மேடைமேல் வைத்தார். "ஏணி வைக்க இந்தப் பக்கம் இடமில்லைய்யா, அதான் அங்க நின்னான்! எந்த நாக்கு இப்படிப் பேசுது? இதோ, இவளையே கேளுங்க. காலையிலேர்ந்து என் பக்கத்துலதான் இருக்கா."

அம்மாள் பொய் சொல்லி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. கேட்காத விஷயத்தை அவராக வாய் திறந்து சொன்னதும் இல்லை.

"சொல்லு" என்றார் பெரியவர், நடுச்சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி. "நல்லா உரக்கச் சொல்லு. அந்தத் தொட்டித் தண்ணி இன்னைக்கு ஒரு சொட்டு என் வாயில பட்டுச்சா?"

மனைவி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரைப் பார்த்தார்.

"சுத்தப் பொய் சார். ஒன்பது வருஷத்துல இன்னைக்கு ஒரு நாள்தான் இவர் அந்தத் தண்ணியைக் குடிக்கலை."