வேறு கம்பெனி லென்ஸ்

கேமரா கம்பெனியின் சொந்த ஜூம் லென்ஸை வாங்க நான் என் ஸ்டுடியோவை விற்க வேண்டும். அதை எவன் வாங்குவான்? அதனால் வேறு கம்பெனியின் மலிவு லென்ஸ் ஒன்றைக் கேமராவில் மாட்டி, லென்ஸ் கடை மாடியிலிருந்து சோதித்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடி கிட்டே வந்தது. என் மனைவி தில்லையம்மாள் பட்டு நூலைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் யாரோ ஒருவன்.

ஜூம் வளையத்தைத் திருப்பினேன். மாடி சிறுத்தது, தில்லை எறும்பானாள். அவன் மட்டும் சிறுக்கவில்லை.

“அண்ணே, ஒருத்தன் மட்டும் சின்னதாவாம அப்படியே நிக்கிறான்.”

“இந்த வெலைக்கு இன்னாபா எதிர்பார்க்கிற? கண்ணாடில தூசு இருக்கும்,” என்றார் கடைக்காரர்.

கேமராவை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். தில்லை புள்ளியாகத் தெரிந்தாள். அவன் அதே அளவில், அவள்மேல் குனிந்துகொண்டிருந்தான்.

“தில்லே! கீழ எறங்கு!” என்று கத்தினேன்.

அவ்வளவு தூரம் அவளுக்குக் கேட்கவில்லை. அவன் திரும்பினான்.